எந்த வருஷத்து டெட்?
ஒரு ராக் குழுவின் காலகட்டங்களும் ஒலிநாடாக்களின் அரசியலும்

1

ஒரு இசைக்குழுவின் வரலாற்றைக் காலகட்டங்களாகப் பகுக்கிற அதிகாரம் யாருக்கு இருக்கிறது? குழுவுக்கா, இசைத்தட்டு விற்ற கம்பெனிக்கா, விமர்சகனுக்கா, கேட்டவனுக்கா? முதல் பார்வைக்கு அற்பமான கேள்விதான். அரசர்களின் காலம், இலக்கியத்தின் காலம் என்று வெட்டிப் போடுவதற்குள் நடக்கிற அரசியலைப் பற்றி நாம் நிறையவே பேசியாகிவிட்டது. ஒன்றைப் 'பொற்காலம்' என்று சொன்ன மாத்திரத்தில் பக்கத்தில் இருப்பது இருண்ட காலமாகிப் போகும் என்பதும் தெரிந்ததுதான். ஆனால் ராக் ரசிகர்கள் உட்கார்ந்து போடுகிற சண்டையில் என்ன வரலாறு, என்ன அரசியல் என்று கேட்கத் தோன்றும். வெகுஜன இசையின் ரசிகன் என்றாலே விசிலடிக்கிறவன், கொடுத்ததை வாங்கிக்கொள்கிறவன் என்று நம் மண்டையில் ஒரு சித்திரம் இருக்கிறது. அந்தச் சித்திரத்துக்கு அடங்காத ஒரு கூட்டத்தைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம்.

'கிரேட்ஃபுல் டெட்' என்கிற அமெரிக்கக் குழு 1965இல் கலிஃபோர்னியாவில், சான்ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே பாலோ ஆல்டோ பக்கத்தில் ஆரம்பமானது. 1995 ஆகஸ்ட் 9ஆம் தேதி அதன் முதன்மை கிதார் கலைஞர் ஜெரி கார்சியா இறந்தார். அந்த டிசம்பரிலேயே மிச்சமிருந்தவர்கள் இனி அந்தப் பெயரில் வாசிப்பதில்லை என்று அறிவித்தார்கள். முப்பது வருஷத்தில் 2,300க்கும் மேல் கச்சேரிகள். ஸ்டுடியோவில் செய்த ஆல்பங்கள் 13 மட்டுமே. இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் பாதி புரிந்துவிடும். கச்சேரிக்குக் கச்சேரி பாட்டு வரிசை மாறும். ஒரே பாட்டு ஒருநாள் ஐந்து நிமிஷம், இன்னொருநாள் அரைமணி நேரம். 1968இல் இரண்டே முக்கால் நிமிஷச் சிறு தட்டாக வந்த 'டார்க் ஸ்டார்', அடுத்த வருஷம் வந்த நேரடி ஆல்பத்தில் 23 நிமிஷம் ஓடுகிறது. ஆகவே 'டார்க் ஸ்டார்' என்று ஒரு பாட்டு இல்லை. இந்த ஊரில் இந்தத் தேதியில் வாசித்த 'டார்க் ஸ்டார்' என்றுதான் ஒன்று உண்டு. மூலப்பிரதி கிடையாது, பாடபேதங்கள் மட்டும்தான். 'டெட்ஹெட்' என்று அழைக்கப்படும் இந்தக் குழுவின் ரசிகர்கள் பாட்டின் பெயரைச் சொல்லிப் பேசுவதைவிடத் தேதியைச் சொல்லிப் பேசுவதுதான் அதிகம்.

சண்டை இப்படிப் போகும். ஒருத்தர் 68, 69தான் டெட் என்பார்: கட்டுக்கடங்காத, எங்கே போகிறதென்று வாசிக்கிறவனுக்கே தெரியாத இசை. இன்னொருத்தர் 72 முதல் 74வரை என்பார். 1971 பிப்ரவரியில் மிக்கி ஹார்ட் விலகிப் போனதால் க்ரூட்ஸ்மன் ஒருத்தர் மட்டும் டிரம் வாசித்த காலம் அது. தாளம் லேசாகி, ஜாஸ் மாதிரி எந்தப் பக்கமும் சட்டென்று திரும்ப முடிந்தது. கீத் காட்ஷோவின் பியானோ வேறு. மூன்றாமவர் 77 என்பார்: ஒன்றரை வருஷ ஓய்வுக்குப் பிறகு 76இல் திரும்பி வந்த குழு, ரெண்டு டிரம்மோடு, நிதானமாக, பிசிறில்லாமல். நாலாமவர் 89, 90ஐ விடமாட்டார்: ப்ரெண்ட் மிட்லண்டின் ஹாமண்ட் ஆர்கன், கார்சியாவின் கிதாரிலிருந்து எக்காளமும் புல்லாங்குழலும் வரவைத்த மிடி கருவிகள். இந்த நாலு பேரும் ஒரே குழுவின் ரசிகர்கள்தான் என்று வெளியாள் நம்புவது கஷ்டம்.

இதை ரசனை வேறுபாடு என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். ஒதுக்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கணும். 1972 ஏப்ரலில் ஐரோப்பாவில் ஒரு ஊரில் என்ன வாசித்தார்கள் என்று, அன்றைக்குப் பிறந்தேயிருக்காத ஒருத்தர் 1990இல் எப்படித் தகராறு பண்ண முடிந்தது? தகராறு பண்ணச் சான்று வேண்டும். சான்று யாரிடம் இருந்தது?

2

ராக் வரலாறு வழக்கமாக ஆல்பங்களின் வரலாறாகத்தான் எழுதப்படுகிறது. கம்பெனி எப்போது எதை வெளியிட்டதோ அதுவே கால எல்லை. பீட்டில்ஸ் பற்றி எழுதுகிறவர்கள் 1966க்கு முன், பின் என்று ஆல்பம் பெயரைச் சொல்லித்தான் கோடு கிழிக்கிறார்கள். அதாவது சரக்கு சந்தைக்கு வந்த தேதி, கலையின் காலமாக மாறிவிடுகிறது. கேட்கிறவனிடம் கம்பெனி விற்ற தட்டைத் தவிர வேறு ஆவணம் இல்லாதபோது இது தவிர வேறுவழியும் இல்லை.

டெட் விஷயத்தில் இது தலைகீழாகப் போச்சு. ஆரம்ப வருஷங்களில் குழு வார்னர் பிரதர்ஸ் கம்பெனிக்குக் கடன்பட்டிருந்தது. ஸ்டுடியோவில் மாசக்கணக்கில் பணத்தை இறைத்து எடுத்த ஆல்பங்கள் விற்கவில்லை. கச்சேரிதான் சோறு போட்டது. 1971இல் வந்த ஆல்பத்தின் உறைக்குள் 'நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், எழுதுங்கள்' என்கிற பொருளில் ஓர் அறிவிப்புப் போட்டார்கள். ஆயிரக்கணக்கில் கடிதம் வந்தது. கம்பெனியைத் தாண்டி ஒரு விலாசப் பட்டியல் உருவானது. அதே சமயத்தில் ரசிகர்களுக்குள்ளேயே இன்னொரு வலை பின்னிக்கொண்டிருந்தது. கோட்டுக்குள் டேப்ரிகார்டரை மறைத்துக் கொண்டுபோய்க் கச்சேரியைப் பதிவு பண்ணி வருவார்கள். அதைப் பிரதியெடுத்துத் தபாலில் பரிமாறிக்கொள்வார்கள். 1974இல் 'டெட் ரெலிக்ஸ்' என்று ஒரு பத்திரிகையே இந்தப் பரிமாற்றத்துக்காக நியூயார்க்கில் தொடங்கியது. பிற்பாடு அது வெறும் 'ரெலிக்ஸ்' என்று பெயர் மாறிப் பொது இசைப் பத்திரிகையாகிப்போனது தனிக்கதை.

இந்தப் பரிமாற்றத்துக்கு ஒரு சட்டம் உண்டு. எழுதி வைக்காத சட்டம், ஆனால் மீறினவன் ஒதுக்கப்படுவான். டேப்பை விற்கக்கூடாது. உன்னிடம் ஒன்று இருந்தால் என்னிடம் இருப்பதற்கு மாற்று. ஒன்றுமே இல்லாத புது ஆளா, காலி கேசட்டையும் திரும்ப அனுப்பத் தபால் தலையையும் அனுப்பு, சும்மாவே பதிந்து தருகிறேன். அமெரிக்காவில், ரீகன் காலத்தில், காசு புழங்காத ஒரு பண்டமாற்று லட்சக்கணக்கான கேசட்டுகளோடு நடந்துகொண்டிருந்தது. இதை ரொம்பவும் கொண்டாடி 'மாற்றுப் பொருளாதாரம்' என்று பெயர் சூட்ட வேண்டியதில்லை. கேசட்டைத் தயாரித்தவை ஜப்பானியப் பெருங்கம்பெனிகள்தான். நல்ல மைக் வாங்கவும் ஊர் ஊராகக் குழுவின் பின்னால் போகவும் வசதி இருக்கணும். ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. இசையின் ஆவணம், அதை விற்கிறவன் கையை விட்டுக் கேட்கிறவன் கைக்கு வந்துவிட்டது.

குழு இதை எப்படி எடுத்துக்கொண்டது? ஆரம்பத்தில் தடுத்தார்கள், பிறகு கண்டும் காணாமல் இருந்தார்கள். வாசித்து முடித்தபிறகு அது எங்களுக்கு வேண்டியதில்லை, அவர்கள் வைத்துக்கொள்ளட்டும் என்கிற தொனியில் கார்சியா பேசியிருக்கிறார். பதிவு செய்கிறவர்கள் நட்டுவைத்த மைக் கம்புகள் காடாக வளர்ந்து, மிக்சரில் இருந்த ஒலிப்பொறியாளருக்கே மேடையை மறைக்க ஆரம்பித்தபோது, 1984 அக்டோபரில் பெர்க்லி கச்சேரிகளில் அவர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கித் தனி டிக்கெட் கொடுத்தார்கள். திருட்டு என்று மற்றக் குழுக்கள் போலீஸை விட்டுத் துரத்திய காரியத்துக்கு இங்கே ஆசனம் போட்டுக் கொடுக்கப்பட்டது. 1987இல் 'டெட்பேஸ்' என்ற தொகுப்பு வந்தது. எந்தத் தேதியில், எந்த ஊரில், எந்த வரிசையில் என்னென்ன பாட்டு என்பதற்கான பஞ்சாங்கம். ரசிகர்களே தொகுத்தது. குழுவின் வரலாற்றுக்கு இதைவிட விரிவான காலவரிசை எந்தக் கம்பெனியிடமும் இருந்ததில்லை.

ஆக, '72ஆ 77ஆ' என்கிற சண்டை சும்மா வந்ததில்லை. ஆவணத்தைத் தன் கையில் வைத்திருக்கிறவன்தான் காலத்தை வெட்ட முடியும். டெட்ஹெட்டுகள் வெட்டினார்கள். ஆல்பத்தை அளவுகோலாக வைக்கவில்லை. யார் கீபோர்டு, எத்தனை டிரம், எந்த ஊரின் எந்த ராத்திரி, இவைதான் அளவுகோல்.

3

ஆனால் அடித்தளத்திலிருந்து எழுதப்பட்ட வரலாறு என்பதற்காகவே அது களங்கமற்றது ஆகிவிடாது. எல்லா ஆவணக் காப்பகத்துக்கும் உள்ள வியாதி இதற்கும் உண்டு: கிடைத்ததுதான் பெரியது, கிடைக்காதது இல்லாதது.

1977 மே 8ஆம் தேதி, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரியை எடுத்துக்கொள்வோம். டெட்டின் தலைசிறந்த கச்சேரி எது என்று கேட்டால் அதிகம் பேர் சொல்லும் பதில் அதுதான். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கவேண்டிய ஒலிப்பதிவுகளின் 2011ஆம் ஆண்டுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. நல்ல கச்சேரிதான், சந்தேகமில்லை. ஆனால் அதே மாதத்தில் அதே தரத்தில் இன்னும் பல ராத்திரிகள் உண்டு என்று அந்த ரசிகர்களே சொல்கிறார்கள். பிறகு இது மட்டும் எப்படிச் சிகரமாச்சு?

பெட்டி கான்டர் ஜாக்சன் என்கிற ஒலிப்பொறியாளர் அந்தக் கச்சேரிகளை நேரடியாக மிக்சர் வழியாகப் பெரிய ஸ்பூல் டேப்பில் பதிவு செய்திருந்தார். ஆண்கள் மட்டுமே கேபிள் இழுத்துக்கொண்டிருந்த உலகத்தில் ஒரு பெண். அவர் பதிவின் துல்லியம் அலாதியானது. குழுவோடு வேலைத் தொடர்பு அறுந்தபிறகு அந்த டேப்புகளை வாடகைக் கிடங்கு ஒன்றில் வைத்திருந்தார். பணமுடை. வாடகை நின்றுபோச்சு. 1980களின் நடுவில் கிடங்குக்காரர்கள் உள்ளே இருந்ததை ஏலம் விட்டார்கள். நூற்றுக்கணக்கான டேப்புகள் யார் யாரோ கைக்குப் போயின. அதில் ஒரு பகுதியை ரசிகர்கள் தேடிப் பிடித்து, சுத்தம் பண்ணி, பிரதியெடுத்துப் பரப்பினார்கள். 'பெட்டி போர்ட்ஸ்' என்ற பெயர் அப்படி வந்தது. கார்னெல் பதிவு எல்லோர் வீட்டுக்கும் போனது இப்படித்தான். 77 பொற்காலமானதில் குழுவின் வாசிப்புக்கு எவ்வளவு பங்கோ, ஒரு தொழிலாளியின் காதுக்கும் அவர் கட்ட முடியாத வாடகைக்கும் அவ்வளவு பங்கு உண்டு. இதற்கு நேர் எதிராக 1980களின் முதல் பாதியைப் பாருங்கள். குழுவின் தரப்பில் அப்போது பெரும்பாலும் சாதாரணக் கேசட்டில்தான் பதிவு செய்தார்கள். பெட்டியின் ஸ்பூல் டேப்புக்கு ஈடான பதிவு குறைவு. அந்த வருஷங்களைச் 'சரிவு' என்று எழுதுகிறவர்கள் கார்சியாவின் ஹெராயினைக் காரணமாகச் சொல்வார்கள். அதுவும் காரணம்தான். டேப்பின் இரைச்சல் இன்னொரு காரணம் என்பது பேச்சில் வராமலே போய்விடுகிறது.

மௌனங்கள் இன்னும் இருக்கின்றன. குழு தொடங்கியபோது அதன் முன்னணியில் நின்றவர் கார்சியா அல்ல, ரான் மெக்கெர்னன். 'பிக்பென்' என்பது பட்டப்பெயர். அப்பா கறுப்பர்களின் ரிதம் அண்ட் ப்ளூஸ் இசையை ஒலிபரப்பிய ரேடியோ அறிவிப்பாளர். மகன் அதைக் கேட்டே வளர்ந்தவர். ஹார்மோனிகாவும் ஆர்கனும் ப்ளூஸ் பாட்டும் அவருடையவை. எல்.எஸ்.டி. பக்கம் போகாமல் மலிவான ஒயினைக் குடித்துக்கொண்டிருந்தார். 1968இல், இசையைச் சோதனை முயற்சிகளின் பக்கம் கொண்டுபோக நினைத்த கார்சியாவும் ஃபில் லெஷும், ஈடுகொடுக்க முடியவில்லை என்று சொல்லி அவரையும் பாப் வியரையும் விலக்கப் பார்த்தார்கள். விலக்கல் நிலைக்கவில்லை. ஆனால் படிநிலை நிலைத்துவிட்டது. 68, 69ஐ ஆதிகாலம் என்று கொண்டாடுகிறவர்கள் அதை லெஷ் கற்ற நவீன ஐரோப்பிய இசையோடு, லூசியானோ பெரியோவின் வகுப்போடு தொடர்புபடுத்தி எழுதுகிறார்கள். பிக்பென் 'குடிகார நண்பன்' என்ற அளவில் நின்றுபோகிறார். 1973இல் 27 வயதில் இறந்தார். கறுப்பர்களின் உழைப்பில் பிறந்த ஓர் இசையை ஏறக்குறைய முழுக்க வெள்ளைக் கூட்டம் ஒன்று கேட்டு, அதன் வளர்ச்சியை 'ப்ளூஸைத் தாண்டி வந்த கதை' என்று எழுதிக்கொள்கிறது. இதைக் காலப் பகுப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியுமா?

டோனா ஜீன் காட்ஷோவின் கதை இன்னொன்று. 1972 முதல் 79வரை குழுவில் பாடிய ஒரே பெண். அதற்கு முன்பே தெற்கே ஸ்டுடியோக்களில் பெர்சி ஸ்லெட்ஜ், எல்விஸ் பிரெஸ்லி பாட்டுகளுக்குப் பின்னணி பாடிய தேர்ந்த கலைஞர். மேடையில் அலறும் கருவிகளுக்கு நடுவே தன் குரல் தனக்கே கேட்காமல் பாட வேண்டியிருந்தது. சுருதி விலகிய இடங்கள் டேப்பில் அப்படியே நிற்கின்றன. கார்சியாவின் விரல் தடுமாறினால் 'மனுஷன் தேடுகிறான்' என்பார்கள். டோனாவின் சுருதி தவறினால் கேலி. அவர் இருந்த காலம்தான் பெரும்பான்மை ஓட்டில் 'பொற்காலம்'. அவர் மட்டும் அதற்குள் கறையாக மிஞ்சிவிட்டார். ஆண் ரசிகர்களின் அரட்டையில் இது நாற்பது வருஷமாக ஓடுகிற நகைச்சுவை.

4

காலகட்டம் என்பது இசையை மட்டும் பகுப்பதில்லை, ஆட்களையும் பகுக்கும். 1987இல் 'டச் ஆஃப் கிரே' என்ற பாட்டு அமெரிக்க விற்பனை வரிசையில் ஒன்பதாம் இடத்துக்கு வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக முதல் பத்துக்குள். எம்.டி.வி.யில் பார்த்துவிட்டுப் புதுக்கூட்டம் கிளம்பி வந்தது. பழையவர்கள் அவர்களுக்கு 'டச்ஹெட்' என்று பேர் வைத்தார்கள். 87க்கு முன்னால் வந்தவன் அசல், பின்னால் வந்தவன் போலி. 'நீ முதலில் பார்த்த கச்சேரி எது?' என்கிற விசாரிப்பு நட்பாகத் தொடங்கிப் பூர்வீகம் கேட்பதாக முடியும். சந்தைக்கு எதிராக உண்டான ஒரு சமூகம் தனக்குள்ளேயே மேல்தட்டு கீழ்த்தட்டு கட்டிக்கொள்கிறபோது, அதற்குக் கிடைத்த செங்கல் இந்த ஆண்டுக்கணக்குதான்.

வெளியே இன்னொரு கணக்கு நடந்துகொண்டிருந்தது. கச்சேரி நடக்கும் ஊர்களின் கார் நிறுத்துமிடங்கள் சந்தையாகவும் குடியிருப்பாகவும் மாறியிருந்தன. சாயத்துணி, சோறு, எல்.எஸ்.டி. எல்லாம் அங்கே. 1986இல் ரீகன் கையெழுத்திட்ட போதைப்பொருள் சட்டப்படி ஒரு கிராம் எல்.எஸ்.டி. 'கலவை' வைத்திருந்து விற்றால் குறைந்தது ஐந்து வருஷம். பத்து கிராம் என்றால் பத்து வருஷம். மருந்தின் எடையா, அதைத் தோய்த்த தாளின் எடையும் சேர்த்தா? தாளையும் சேர்த்துத்தான் என்று 1991இல் உச்சநீதிமன்றம் சொன்னது. மருந்து மில்லிகிராம் கணக்கு, தாள் கிராம் கணக்கு. தாளின் கனத்துக்காகவே இளைஞர்கள் பத்து, இருபது வருஷம் என்று உள்ளே போனார்கள். போலீஸுக்குக் கச்சேரிப் பயண அட்டவணையே போதுமான துப்பு. எண்பதுகளின் இறுதியை 'கூட்டம் கெட்டுப்போன காலம்' என்று பழைய ரசிகன் எழுதும்போது, அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதியை அரசு பொறுக்கியெடுத்துச் சிறையில் வைத்த காலமும் அதுவே என்பது வரிகளுக்கிடையில் தொலைந்துபோகிறது.

1995 ஜூலை 2ஆம் தேதி இண்டியானாவின் டீர் க்ரீக் அரங்கில் டிக்கெட் இல்லாத கூட்டம் வேலியைச் சாய்த்து உள்ளே நுழைந்தது. உள்ளே டிக்கெட்டோடு இருந்தவர்களில் பலர் கைதட்டினார்கள். மறுநாள் கச்சேரி ரத்து. இப்படியே போனால் நாங்கள் வாசிக்கவே முடியாது என்று குழு ரசிகர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியது. ஐந்து வாரத்தில் கார்சியா இறந்தார். வேலி சாய்த்தவர்களால்தான் எல்லாம் முடிந்தது என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. பல வருஷ ஹெராயினும் சர்க்கரை நோயும் கெட்டுப்போன இதயமும், ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுப்பதற்காகவே ஓடிக்கொண்டிருந்த சுற்றுப்பயண இயந்திரமும் சேர்ந்து செய்ததை ஒரு வேலியின் தலையில் கட்டுவது வசதியாக இருக்கிறது.

5

கார்சியா போனபிறகு 'இனி எந்தப் பக்கம்' என்கிற கேள்வி வந்தது. மிச்சமிருந்தவர்கள் 'தி அதர் ஒன்ஸ்', 'தி டெட்', 'ஃபர்தர்' என்று வெவ்வேறு பெயரில் சேர்ந்தார்கள், பிரிந்தார்கள். ரசிகர்கள் தரப்பில் சுவாரசியமான ரெண்டு பதில்கள் வந்தன. 1997இல் சிகாகோவில் தோன்றிய 'டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ரா' பழைய டெட் கச்சேரி ஒன்றை எடுத்து, அதே பாட்டு வரிசையில், அந்த வருஷத்துக் குழுவில் எத்தனை பேரோ அத்தனை பேரோடு, அந்த வருஷத்துக் கருவி அமைப்போடு வாசித்துக் காட்டும். தேதியைக் கடைசியில்தான் அறிவிப்பார்கள். காலகட்டமே இசைநாடகமாகிவிட்டது. 2013இல் வந்த டிரம் கலைஞர் ஜோ ரூஸோவின் குழு இதற்கு நேர் எதிர். பாட்டு பழசு, வேகமும் வடிவமும் நம்முடையது. முதலாவது டெட்டின் வரலாற்றைக் காப்பாற்றுகிறது. இரண்டாவது டெட்டின் முறையைக் காப்பாற்றுகிறது. எது விசுவாசம்? ஒரே ராத்திரியைத் திரும்ப வாசிக்காத குழுவுக்கு, ஒரு ராத்திரியைத் திரும்ப வாசிப்பது மரியாதையா அவமரியாதையா?

ஆனால் நிஜமான மோதல் இசையைப் பற்றி வரவில்லை. 2005 நவம்பரில் வந்தது. கேசட்டுகளின் காலம் முடிந்து, ரசிகர்களின் பதிவுகள் எல்லாம் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்ற இலவச மின்காப்பகத்தில் சேர்ந்திருந்தன. யாரும் இறக்கிக்கொள்ளலாம். திடீரென்று ஒருநாள் குழுவின் நிர்வாகம் சொல்லி அவை நிறுத்தப்பட்டன. அப்போது குழு தானே பழைய கச்சேரிகளை இணையத்தில் விற்க ஆரம்பித்திருந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். இனி உங்கள் சரக்கு எதையும் வாங்கமாட்டோம் என்று கையெழுத்து வாங்கினார்கள். இந்த முடிவில் தனக்குப் பங்கில்லை என்று லெஷ் பகிரங்கமாகச் சொன்னார். குழுவின் பாடலாசிரியர்களில் ஒருவரான ஜான் பெர்ரி பார்லோ வெளிப்படையாகவே எதிர்த்தார். இவர் 1990இல் மின்னணு உரிமைகளுக்கான அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். டேப்பைச் சும்மா விட்டதால்தான் டெட் பிழைத்தது என்று 1994லேயே எழுதியவர். சில நாட்களிலேயே நிர்வாகம் பாதி இறங்கி வந்தது. ரசிகர்கள் தங்கள் மைக்கில் பதிந்ததை இறக்கிக்கொள்ளலாம். மிக்சரிலிருந்து வந்த பதிவுகளைக் கேட்க மட்டும் செய்யலாம், எடுத்துக்கொள்ள முடியாது.

அந்தப் பாதியைக் கவனிக்கணும். மைக் பதிவு கூட்டத்தின் சொத்து, மிக்சர் பதிவு கம்பெனியின் சொத்து என்று ஒரு கோடு. மிக்சர் பதிவுகளில் பல, பெட்டியின் டேப்புகளைப் போல, குழு கைவிட்டு, ரசிகர்கள் பொறுக்கிக் காப்பாற்றியவை. காப்பாற்றின உழைப்புக்குக் கணக்கில் இடமில்லை. மறுவருஷம் குழுவின் காப்பகம் முழுதும் ரைனோ என்ற வார்னர் துணை நிறுவனத்தின் நிர்வாகத்துக்குப் போய், லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் குடிபெயர்ந்தது. கடன் கொடுத்த அதே வார்னர். 2017இல் கார்னெல் கச்சேரி அதிகாரபூர்வமாக வெளியானது. பல வருஷமாக எல்லோரிடமும் இருந்த ஒன்றை எல்லோருக்கும் விற்றார்கள். வாங்கினார்கள், சந்தோஷமாக. இதற்கு நடுவே, 2010இல், டெட்டிடம் சந்தைப்படுத்தல் பாடம் கற்பது எப்படி என்று நிர்வாகவியல் புத்தகம் ஒன்றும் வந்தாச்சு. காசு புழங்காத பண்டமாற்று, 'இலவச மாதிரிச் சரக்கு' என்ற உத்தியாக அதில் பாடமாகியிருக்கிறது. முதலாளியம் தன் எதிரியை அழிப்பதைவிட, எதிரியைப் பாடப்புத்தகமாக்குவதில் கெட்டிக்காரன்.

6

2015இல் பாப் வியரும் இரு டிரம் கலைஞர்களும் ஜான் மேயர் என்ற நட்சத்திரத்தோடு 'டெட் அண்ட் கம்பெனி'யை ஆரம்பித்தபோது பழைய சண்டை புது ரூபத்தில் வந்தது. தாளம் மந்தம் என்று 'டெட் அண்ட் ஸ்லோ' எனக் கிண்டல் ஒரு பக்கம். புது ஆட்களைக் கொண்டுவந்து இசையை உயிரோடு வைத்தது இவர்கள்தான் என்கிற நன்றி இன்னொரு பக்கம். 2024இல் லாஸ் வேகாஸின் 'ஸ்ஃபியர்' என்ற கோள வடிவ அரங்கில் முப்பது ராத்திரி வாசித்தார்கள். சுற்றிலும் வானமாகக் கவிந்த திரையில் 1960களில் குழு குடியிருந்த ஆஷ்பரி தெரு வீடு வரும். 1974இல் ஆவ்ஸ்லி ஸ்டான்லியும் கூட்டாளிகளும் நூற்றுக்கணக்கான ஒலிபெருக்கிகளை அடுக்கிக் கட்டிய 'ஒலிச்சுவர்' வரும். எல்லாக் காலகட்டமும் ஒரே திரையில், ஒரே ராத்திரியில், பக்கத்தில் பக்கத்தில். பார்க்கப் பிரமாதம் என்கிறார்கள், இருக்கலாம். ஆனால் சண்டை போட்டு உண்டாக்கின காலகட்டங்கள் அங்கே சண்டையில்லாமல் காட்சிப்பொருளாகி வரிசையில் நிற்கின்றன. 1967 ஜனவரியில் சான்ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் இதே குழு வியட்நாம் போர் எதிர்ப்பாளர்களும் ஹிப்பிகளும் கூடிய கூட்டத்துக்குச் சும்மா வாசித்தது. 2025 ஆகஸ்ட்டில் அறுபதாம் ஆண்டுக்காக அதே மைதானத்தில் மூன்று நாள் 'டெட் அண்ட் கம்பெனி' கச்சேரி. இந்த முறை சுற்றிலும் வேலி, வாசலில் டிக்கெட்.

இதைச் சொல்லி 'எல்லாம் விற்றுப்போச்சு' என்று ஒப்பாரி வைப்பது சுலபம். டெட் ஒருபோதும் புரட்சிக் குழு இல்லை. 1968 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் வேலைநிறுத்தத்தின்போது ரொட்டி வேனில் ஒளிந்து வளாகத்துக்குள் போய் வாசித்தார்கள் என்பது உண்மை. மேடையிலிருந்து அரசியல் பேசமாட்டோம் என்று பிடிவாதமாக இருந்ததும் உண்மை. அவர்கள் செய்த அரசியல், அறிந்தோ அறியாமலோ, ஒன்றுதான். தங்கள் வரலாற்றின் ஆவணத்தை மற்றவர் கையில் போகவிட்டார்கள். அதனால்தான் கேட்டவர்கள் தீர்ப்புச் சொல்லும் இடத்துக்கு வந்தார்கள். தப்பாகவும் ஓரவஞ்சனையாகவும் தீர்ப்புச் சொன்னார்கள், பிக்பென்னை மறந்தார்கள், டோனாவைக் கேலி பண்ணினார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பை மறுக்க நினைக்கிறவனுக்கும் அதே டேப்புகள் கிடைத்தன. போட்டுக் கேட்டுவிட்டு 'இல்லை, நீ சொல்வது பொய்' என்று சொல்ல முடிந்தது. டோனாவின் பாட்டை மறுபடி கேட்டு மறுபடி மதிப்பிடுகிற காரியமும் இந்த டேப்புகளை வைத்துத்தான் நடக்கிறது. அதிகாரபூர்வமான தேர்ந்தெடுத்த பெட்டிகள் மட்டுமே மிஞ்சுகிற காலத்தில் ரசனை இருக்கும், ரசிகன் இருப்பான், மறுப்பு இருக்காது.

ஆகவே அடுத்து மேயரா வேறொருவரா, வேகமா மந்தமா என்பதைவிட முக்கியமாகக் கேட்கவேண்டியது, அடுத்த தலைமுறை எதை வைத்துச் சண்டை போடும் என்பதுதான். பழைய கேசட் உறைகளில் ஒரு பழக்கம் இருந்தது. ஊர், தேதி, பாட்டு வரிசை மட்டுமில்லை. எந்த மைக், எந்த இடத்திலிருந்து பதிந்தது, இது எத்தனையாவது தலைமுறைப் பிரதி என்பதையும் பேனாவால் எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு பிரதியிலும் இரைச்சல் கொஞ்சம் கூடும், அதையும் மறைக்காமல் எழுதிவைப்பார்கள். எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு வந்தது, வழியில் எவ்வளவு தேய்ந்தது என்று தானே சொல்லிக்கொண்டு வரும் வரலாறு அது. கம்பெனி வெளியிடும் சுத்திகரித்த பெட்டியின் மேல் அந்தக் கைகளில் எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.